டோர், ஐ2பி வழியே பிட்காயின் நோடு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வீட்டில் பிட்காயின் நோடு (பிட்காயின் வலையமைப்பில் சேர்ந்து பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் கணினி) வைக்க நினைப்பவருக்கு டோர் (இணைப்பைப் பல கணினிகள் வழியே சுற்றி அனுப்பி ஐபியை மறைக்கும் வலை) பெரிய உதவி. இங்கே பல வீடுகளில் இணையம் என்றால் சிம் போட்ட ரவுட்டர், இல்லையென்றால் உள்ளூர் கேபிள் இணைப்பு. இரண்டிலும் பெரும்பாலும் தனிப் பொது ஐபி முகவரி கிடைக்காது. ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும். அதனால் ரவுட்டரில் 8333 போர்ட்டைத் திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து எந்த நோடும் உங்களிடம் வந்து சேராது. டோருக்குள் மட்டும் செல்லும் ஆனியன் முகவரிக்கு அந்தத் தடை இல்லை. நீங்கள் வெளியே போட்டு வைத்திருக்கும் இணைப்பைப் பிடித்தே மற்றவர்கள் உள்ளே வருவார்கள். அதோடு, எந்த வீட்டு இணைப்பில் பிட்காயின் நோடு ஓடுகிறது என்பதும் வெளியே தெரியாது. ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த ஊரில் இது முக்கியம்.

ராஸ்பெர்ரி பை அல்லது பழைய கணினி, அதில் டெபியன் வகை லினக்ஸ், பிட்காயின் கோர் என்ற நோடு நிரலின் 22 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, பாக்கேஜாக நிறுவிய டோர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அமைப்பு வரிகளையும் கட்டளைகளையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். கோப்பில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

நோடு ஓடவில்லை என்றதும் எல்லோரும் முதலில் திறப்பது நோடின் அமைப்புக் கோப்பான பிட்காயின்.கான்ஃபைத்தான். ஒரு வரி சேர்த்து, ஒரு வரி நீக்கி, மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் எந்த வரி எதற்கு இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். அப்படிச் செய்யாதீர்கள். கீழிருந்து மேலே போங்கள்: முதலில் கடிகாரம், பிறகு டோர், பிறகு ப்ராக்ஸி போர்ட் (நோடு டோருக்குள் நுழையும் வாசல்), அதற்கப்புறம்தான் நோடு.

அறிகுறி: மின்சாரம் போய் வந்தபின் நோடுக்கு ஒரு பியர் (இணைந்த மற்ற நோடு) கூட இல்லை

ஆடிக் காற்று கணவாய் வழியே வீசும் மாதங்களில் இதுதான் அடிக்கடி வரும். வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பிய செய்தி: "அண்ணா, நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க. கரண்ட் போய் வந்ததுல இருந்து ஒண்ணுமே இல்லீங்க. கான்ஃப்ல எதை மாத்தணும்?" எதையும் மாற்ற வேண்டாம். முதலில் நேரத்தைப் பாருங்கள்.

ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. பை 5-இல் கடிகாரம் உண்டு, ஆனால் அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்கிப் போட வேண்டும். மின்சாரம் போனால் பை கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். இணையம் வந்ததும் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் சிம் ரவுட்டர் எழுந்து டவரைப் பிடிக்கும் முன்பே பை எழுந்துவிடும். அந்த இடைவெளியில் டோர் பழைய நேரத்தோடு கிளம்பிவிடும். டோர் வலையமைப்பில் உள்ள கணினிகளின் பட்டியல் மணிக்கொருமுறை புதிதாக வரும், மூன்று மணி நேரத்துக்குச் செல்லும். உங்கள் கடிகாரம் பிசகினால் அந்தப் பட்டியல் டோருக்குப் பொருந்தாது. சில சமயம் டோர் வலையில் 100 சதவீதம் இணைந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் ஆனியன் முகவரிகள் மட்டும் கிடைக்காது. ஆனியன் முகவரியைத் தேடும் விவரமும் நேரத்தை வைத்தே கணக்கிடப்படுவதுதான் காரணம்.

"டைம்டேட்சிடிஎல்" என்று தட்டுங்கள். கடிகாரம் ஒத்திசைந்ததா என்ற வரியில் "யெஸ்" இருக்க வேண்டும். அதே வெளியீட்டில் யூடிசி (உலகப் பொது) நேரத்தையும் பாருங்கள். கையால் நேரம் வைத்தவர்கள் நம்மூர் நேரத்தையே யூடிசி என்று கொடுத்துவிடுவது உண்டு. அப்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்னால் நிற்கும். திரையில் பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தோன்றும், டோரின் லாக்கில் (பதிவேட்டில்) மட்டும் கடிகாரம் பற்றிய எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். நேரத்தைச் சரிசெய்துவிட்டு டோரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. டோர் வழியில்லாத எதுவும் வெளியே போகக்கூடாது என்று ஃபயர்வாலை இறுக்கி வைத்திருந்தால், நேரம் கேட்கும் என்டிபியும் அதில் மாட்டிக்கொள்ளும். என்டிபி யூடிபி என்ற அனுப்பும் முறையில் போகும், டோர் யூடிபியைச் சுமக்காது. ஆகவே என்டிபிக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுத்தே ஆக வேண்டும். ரவுட்டருக்கும் பைக்கும் சேர்த்து ஒரு சிறிய டிசி யூபிஎஸ் வாங்கி வைத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும். திடீர் மின்தடையில் நோடின் தரவுத்தளம் கெட்டுப்போவதும் குறையும்.

அறிகுறி: "டோர் ஆக்டிவ் என்றுதான் காட்டுகிறது, ஆனால் வேலை செய்யவில்லை"

டெபியனில் "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டோர்" கொடுத்தால் "ஆக்டிவ்", பக்கத்தில் அடைப்புக்குள் "எக்ஸிட்டட்" என்று வரும். அது பெயருக்கு இருக்கும் சேவை. உண்மையில் ஓடுவது "டோர்@டிஃபால்ட்". அதன் நிலையையும் அதன் லாக்கையும் பாருங்கள். "ஜர்னல்சிடிஎல்" கட்டளையில் மைனஸ் யு போட்டு அந்தப் பெயரைக் கொடுத்தால் போதும். "பூட்ஸ்ட்ராப்டு 100%" (வலையில் முழுதாக இணைந்தது) என்ற வரி வராமல் மேலே எதையும் தொடாதீர்கள். டோரின் அமைப்புக் கோப்பான டோர்ஆர்சியில் எழுத்துப்பிழை இருக்கும் என்று தோன்றினால் டோர் கட்டளையோடு "வெரிஃபை-கான்ஃபிக்" சேர்த்து ஓட்டுங்கள், எந்த வரி தவறு என்று அதுவே சொல்லிவிடும்.

எல்லையோரத்துக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. ரவுட்டரின் சிம் சற்று நேரம் தமிழ்நாட்டு டவரையும் சற்று நேரம் கேரள டவரையும் பிடித்துத் தாவிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு தாவலிலும் ஐபி மாறும், டோரின் சர்க்யூட்கள் (வழித்தடங்கள்) அறுந்து மறுபடி கட்டப்படும். பியர் எண்ணிக்கை சட்டென்று இறங்கி, கொஞ்ச நேரத்தில் மெல்ல ஏறும். அது டோரின் கோளாறு இல்லை. ரவுட்டரில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, வீட்டில் சிக்னல் நிலையாக இருக்கும் பக்கத்தில் நிறுத்துங்கள்.

அறிகுறி: ப்ராக்ஸி "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்கிறது

போர்ட் எண்ணைப் பாருங்கள். பாக்கேஜாக நிறுவிய டோர் கேட்டுக்கொண்டிருப்பது 9050. டோர் பிரவுசரோடு வரும் டோர் கேட்பது 9150. பிரவுசரை மூடினால் அந்த 9150-உம் போய்விடும் என்பதால் நோடுக்கு அதை நம்ப வேண்டாம். டாக்கருக்குள் (நிரலைத் தனிப் பெட்டியில், அதாவது கன்டெய்னரில், ஓட்டும் கருவி) நோடு ஓடினால், வழக்கமாக இந்தக் கணினியையே குறிக்கும் 127.0.0.1 அங்கே அந்தக் கன்டெய்னரையே குறிக்கும், வெளியில் உள்ள டோரை அல்ல. டோரும் அதே டாக்கர் வலையில் இருக்க வேண்டும், அதன் பெயரையோ முகவரியையோ கொடுக்க வேண்டும்.

நோடைத் தொடாமலே ப்ராக்ஸியைச் சோதிக்கலாம். "கர்ல்" கட்டளையில் "சாக்ஸ்5-ஹோஸ்ட்நேம்" என்ற தேர்வோடு 127.0.0.1:9050 கொடுத்து, டோர் திட்டத்தின் சோதனைப் பக்கத்தை அழையுங்கள். டோர் வழியாக வந்திருக்கிறீர்கள் என்று பதில் வந்தால் ப்ராக்ஸி நலம். வெறும் "சாக்ஸ்5" என்று கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் தளத்தின் பெயரை ஐபியாக மாற்றும் வேலையை உங்கள் கணினியே வெளியே கேட்டுச் செய்யும். "ஹோஸ்ட்நேம்" சேர்த்தால் பெயரும் டோருக்குள்ளேயே போகும்.

அறிகுறி: நோடு கிளம்பவே மறுக்கிறது, "ஒன்லிநெட்" பற்றிப் புகார் சொல்கிறது

"ஒன்லிநெட்=ஆனியன்" (ஆனியன் வழியே மட்டும் போ) என்று எழுதிவிட்டு, ஆனியனுக்குப் போகும் வழியைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். "ப்ராக்ஸி=127.0.0.1:9050" வரியைச் சேருங்கள். சேர்த்த பிறகும் அதே புகார் என்றால், நீங்கள் திருத்தும் கோப்பை நோடு படிக்கவில்லை. சிஸ்டம்டி வழியே பின்னணிச் சேவையாக ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அமைப்புக் கோப்பு ஈடிசி அடைவில் இருக்கும், நீங்கள் வீட்டு அடைவில் உள்ளதைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். நோடின் பதிவுக் கோப்பான டீபக்.லாக்கின் ஆரம்ப வரிகளில் எந்தக் கோப்பைப் படித்தது என்று நோடு எழுதியிருக்கும்.

அறிகுறி: வெளியே போகும் பியர்கள் உண்டு, உள்ளே வருபவர் யாரும் இல்லை

ப்ராக்ஸி வரியைப் போட்டதுமே பிட்காயின் கோர் உள்வரும் இணைப்புகளை ஏற்பதைத் தானாக நிறுத்திவிடும். பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு அது. "லிசன்=1" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கூடவே "பைண்ட்=127.0.0.1" சேருங்கள். அப்போது டோர் வழியாக வருபவர் மட்டுமே கதவைத் தட்ட முடியும்.

அடுத்து, நோடு தனக்கான ஆனியன் முகவரியை டோரிடம் கேட்டுப் பெற வேண்டும். அதற்கு டோரின் கட்டுப்பாட்டுப் போர்ட் 9051 திறந்திருக்க வேண்டும். டோர்ஆர்சியில் மூன்று வரிகள்: "கன்ட்ரோல்போர்ட் 9051", "குக்கிஆதென்டிகேஷன் 1", "குக்கிஆத்ஃபைல்குரூப்ரீடபிள் 1". எழுதிவிட்டு டோரை மறுதொடக்கம் செய்யுங்கள்.

இதற்குப் பிறகும் வரவில்லை என்றால் டீபக்.லாக்கில் குக்கி கோப்பை (டோரைக் கட்டுப்படுத்த அனுமதிச் சீட்டு போன்றது) திறக்க முடியவில்லை, அனுமதியைப் பாருங்கள் என்ற வரி இருக்கும். நோடு ஓடும் பயனரை "டெபியன்-டோர்" என்ற குழுவில் சேர்க்க வேண்டும் என்பது அதன் பொருள். "யூசர்மாட்" கட்டளையால் சேர்த்துவிடலாம். ஆனால் குழு மாற்றம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குப் போய்ச் சேராது. சேவையாக ஓட்டுகிறீர்கள் என்றால் சேவையை நிறுத்தித் தொடங்குங்கள். உங்கள் பயனரிலேயே ஓட்டுகிறீர்கள் என்றால் வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். இங்கேதான் நிறைய பேர் சலித்துப்போய் அனுமதியை எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். அது வேண்டாம். அந்தக் குக்கியைப் படிக்க முடிந்த எந்த நிரலும் உங்கள் டோரை இஷ்டத்துக்கு ஆட்டிவைக்கலாம்.

சரியாகிவிட்டால் 56 எழுத்துள்ள ஓர் ஆனியன் முகவரி லாக்கில் தெரியும். அதன்பின் காத்திருங்கள். முகவரி மற்ற நோடுகளுக்குப் பரவ நேரம் பிடிக்கும், சில மணி நேரம் யாரும் வராமல் இருப்பது சாதாரணம். முகவரி ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால், தரவு அடைவில் "ஆனியன் வி3 பிரைவேட் கீ" என்ற கோப்பு அழிகிறதா என்று பாருங்கள். முகவரி பிறப்பதே அந்தச் சாவியிலிருந்துதான். அதைப் பிரதி எடுத்து இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள்.

அறிகுறி: லாக் முழுக்க சாக்ஸ்5 தோல்வி வரிகள்

பெரும்பாலும் இது நோயே இல்லை. "ஹோஸ்ட் அன்ரீச்சபிள்", "ஜெனரல் ஃபெயிலியர்" என்று வரிசையாக வருவது, பட்டியலில் இருக்கும் மற்ற நோடுகள் அணைந்து கிடப்பதால். நோடு ஒவ்வொன்றாக முயன்று பார்த்துக்கொண்டே போகும். நடுநடுவே இணைப்பு கிடைக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். எல்லாமே தோற்றால் பழைய வழிகாட்டியிலிருந்து எடுத்த "ஆட்நோடு" வரிகள் (கையால் சேர்த்த நோடு முகவரிகள்) இருக்கின்றனவா பாருங்கள். 16 எழுத்து ஆனியன் முகவரிகள் 2021-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டன, டோரே அவற்றைக் கைவிட்டுவிட்டது. அப்படிப்பட்ட வரிகளை நீக்கிவிடுங்கள்.

டோர் லாக்கில் "உங்கள் நிரல் வெறும் ஐபி முகவரியைத் தருகிறது, பெயர் கசியலாம்" என்ற எச்சரிக்கையும் வரும். பிட்காயின் நோடுகள் ஒன்றுக்கொன்று ஐபி எண்ணாகவே முகவரியைப் பரிமாறிக்கொள்கின்றன, அதனால் இங்கே கசிவு ஏதும் இல்லை. அதைப் பார்த்துப் பயந்து "சேஃப்சாக்ஸ் 1" போட்டுவிட்டால் ஐபிவி4 பியர்கள் மொத்தமும் போய்விடும்.

அறிகுறி: சங்கிலி (எல்லாப் பரிவர்த்தனைகளின் பதிவேடு) இறங்க மாதக்கணக்கில் ஆகும்போல் இருக்கிறது

டோர் வழியே முதல் இறக்கம் மெதுவாகத்தான் இருக்கும். முழுச் சங்கிலி 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. "டிபிகேஷ்" (தரவுத்தளத்துக்கு ஒதுக்கும் நினைவகம்) மதிப்பை நினைவகம் அனுமதிக்கும் அளவு உயர்த்துங்கள், கொஞ்சம் உதவும். இறங்கி முடியும் வரை நேரடி இணையத்தில் ஓட்டிவிட்டு அப்புறம் டோருக்கு மாறலாம் என்று பலரும் சொல்வார்கள். வேகம் கிடைக்கும். ஆனால் அத்தனை நாளும் உங்கள் வீட்டு ஐபியில் பிட்காயின் நோடு ஓடியது என்பது பதிவாகிவிடும். எதை மறைக்க டோரைத் தேடினீர்களோ அதையே முதல் வாரத்தில் கொடுத்துவிடுவதாக ஆகும்.

கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ முழு நோடு வைத்திருக்கும் நண்பர் இருந்தால் எஸ்எஸ்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள் என்பதுதான் என் யோசனை. அவருடைய நோடை நிறுத்திவிட்டு "பிளாக்ஸ்" அடைவை முழுதாகப் பிரதி எடுங்கள். அதிலுள்ள எந்தச் சிறு கோப்பையும் விட்டுவிட வேண்டாம். வீட்டில் வைத்து "ரீஇண்டெக்ஸ்" தேர்வோடு ஒருமுறை ஓட்டினால் உங்கள் கணினியே முதல் பிளாக்கிலிருந்து எல்லாவற்றையும் தானாகச் சரிபார்த்து அடுக்கிக்கொள்ளும். நண்பரின் கணக்கை நம்ப வேண்டியதில்லை. அவர் ப்ரூன் செய்த (பழைய பிளாக்குகளை அழித்துவிட்ட) நோடு வைத்திருந்தால் மட்டும் இது நடக்காது.

அறிகுறி எதுவும் இல்லை, எல்லாம் நன்றாக ஓடுகிறது

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த நிலைதான். மேலே சொன்ன பிழைகள் எல்லாம் நோடை நிறுத்திவிடும், நீங்கள் தேடி வருவீர்கள். ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு நேரடியாக வெளியே போகும் நோடோ, இன்னும் வேகமாகவும் சத்தமில்லாமலும் ஓடும்.

இதற்கு முதல் காரணம் "ப்ராக்ஸி" வரியின் இடத்தில் "ஆனியன்" வரியை மட்டும் எழுதுவது. "ஆனியன்=127.0.0.1:9050" என்றால் ஆனியன் முகவரிகளுக்கு மட்டும் டோர், மற்ற எல்லாவற்றுக்கும் உங்கள் வீட்டு இணைப்பு நேரடியாக. பியர்களை வகைவாரியாகக் காட்டும் நெட்இன்ஃபோ அட்டவணையில் ஆனியன் பியர்கள் தெரிவதால் மனம் நிம்மதியாகிவிடும். பக்கத்துக் கட்டத்தில் ஐபிவி4 பியர்கள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. "ப்ராக்ஸி" வரி இருந்தால் ஐபிவி4 பியர்களிடமும் டோரின் வெளியேறு முனைகள் வழியாகவே போகும், உங்கள் ஐபி தெரியாது.

இரண்டாவது, "ஒன்லிநெட்" எல்லாவற்றையும் தடுக்கும் என்ற நம்பிக்கை. அது நோடு தானாக வெளியே தேடிப்போகும் இணைப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். உள்ளே வருபவரையோ, "ஆட்நோடு" என்று நீங்கள் கையால் கொடுத்ததையோ அது தடுக்காது. மேலே "பைண்ட்" வரியை வற்புறுத்தியது இதனால்தான்.

சோதிப்பது எளிது. நோடு ஓடிக்கொண்டிருக்கும்போது ரூட்டாக "எஸ்எஸ்" கட்டளையில் டி, என், பி மூன்று தேர்வுகளையும் கொடுத்து, பிட்காயின்டியின் (நோடு நிரலின்) இணைப்புகளை மட்டும் வடிகட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் இரு முனையும் 127.0.0.1 ஆகவே இருக்க வேண்டும்: டோருக்கு 9050, 9051, ஐ2பி (டோரைப் போன்ற இன்னொரு மறைவு வலை) வைத்திருந்தால் 7656. வெளி முகவரி ஒன்றும் அதன் பின்னால் 8333-உம் தெரிந்தால் கசிகிறது. அப்புறம் "கெட்நெட்வொர்க்இன்ஃபோ" கொடுத்து, உள்ளூர் முகவரிகள் பகுதியைப் பாருங்கள். அங்கே ஆனியன், ஐ2பி முகவரிகளைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் நோடு ஓடும் பயனருக்கு உள்முகத்தைத் (127.0.0.1) தவிர வேறெங்கும் போக முடியாதபடி ஃபயர்வால் விதி போடுங்கள். அதை ஐபிவி4-க்கு மட்டும் போட்டுவிட்டு விடாதீர்கள். நம்மூர் சிம் இணைப்புகளில் ஐபிவி6 சர்வ சாதாரணம். ஐபிவி4 விதி அதைத் தொடவே தொடாது.

நோடு இறுக்கமாக இருந்தாலும் கைபேசி வாலெட் யாரோ ஒருவரின் சர்வரிடம் உங்கள் முகவரிகளைக் கேட்டுக்கொண்டிருந்தால் பாதி உழைப்பு வீண். வாலெட்டையும் சொந்த நோடோடு இணையுங்கள். பணம் வந்ததா என்று பொதுத் தளத்தில் முகவரியை ஒட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: ஐ2பி சேர்த்தேன், எண்ணிக்கை பூஜ்யம்

"ஐ2பிசாம்=127.0.0.1:7656" வரி போதும். ஐ2பிடி என்ற நிரலில் சாம் (மற்ற நிரல்கள் ஐ2பிக்குள் நுழையும் வாசல்) வழக்கமாகவே திறந்திருக்கும். ஜாவா ஐ2பியில் அதை நீங்கள்தான் இயக்க வேண்டும். ஐ2பி நிரல் வலையில் கலந்து சூடேற நேரம் எடுக்கும், அதனால் அடிக்கடி மறுதொடக்கம் செய்தால் எப்போதுமே பூஜ்யத்தில்தான் நிற்கும். ஐ2பியை மட்டுமே நம்பி மற்றதை எல்லாம் மூடாதீர்கள். வலை சிறியது, ஒருவரே பல நோடுகள் வைத்து உங்களைச் சூழ்ந்துகொள்ள முடியும். டோரும் ஐ2பியும் சேர்ந்து ஓடட்டும். அதற்கு "ஒன்லிநெட்" வரியை இரண்டு முறை எழுதுங்கள்.

அறிகுறி: மொனேரோ (இன்னொரு மறையீட்டு நாணயம்) நோடில் ஆனியன் வழி பிளாக்குகள் இறங்கவில்லை

இறங்காது, அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மொனேரோவில் "டிஎக்ஸ்-ப்ராக்ஸி" என்பது உங்கள் பரிவர்த்தனையை டோர் அல்லது ஐ2பி வழியே வெளியே அனுப்ப மட்டும். பிளாக்குகள் சாதாரண இணையத்தில்தான் வரும். அதையும் டோருக்குள் திருப்ப "ப்ராக்ஸி" தேர்வைத் தனியாகக் கொடுக்க வேண்டும். உள்வரும் ஆனியன் முகவரியையும் மொனேரோ தானாக உருவாக்காது. டோர்ஆர்சியில் ஹிடன் சர்வீஸ் வரிகளை நீங்களே எழுதி, கிடைத்த முகவரியை "அனானிமஸ்-இன்பவுண்ட்" தேர்வில் கொடுங்கள். அந்த அடைவு டோர் பயனருக்கே சொந்தமாக, 700 அனுமதியோடு இருக்க வேண்டும். வெளி எஸ்எஸ்டியில் வைத்தால் அனுமதி சரியாக இருந்தும் லினக்ஸின் பாதுகாப்புக் காவலான ஆப்ஆர்மர் தடுக்கும், ஆகவே டோரின் வழக்கமான அடைவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.